குதிரைத்திறனும் ஒரு வாயுக் கலனும்

பாடத்துக்கு முன்: கார் எஞ்சினின் சக்தியைக் கூட்ட முடியுமா? கூட்டினால் காரின் மற்ற பாகங்களுக்கு என்ன ஆகும்? இக்கேள்விகளை மனத்தில் கொண்டு பின்வரும் பகுதியைப் படியுங்கள்.

அன்று சனிக்கிழமை. நண்பகல் வெயில் கடுமையாக இருந்தது. மாமா அரைநாள் வேலையை முடித்துக்கொண்டு வந்ததும், நானும் அண்ணனும் அவருடன் லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலையில் உள்ள ஓர் உணவகத்திற்குச் சென்றோம். மாமா சின் மிங் வட்டாரத்தில் உள்ள கார் பழுதுபார்க்கும் பட்டறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்கிறார். அண்ணன் அண்மையில்தான் தேசிய சேவையை முடித்திருந்தார். சேமிப்பைப் போட்டு, நண்பருடன் சேர்ந்து ஒரு பழைய காரும் வாங்கியிருந்தார்.

வாழையிலையில் சோறும் மீன் தலைக் கறியும் வந்தன.

“இந்தச் சாலைக்கு ஏன் மாமா இப்படி ஒரு பெயர்?” என்று கேட்டேன்.

“இதன் அருகே ஃபேரர் பார்க்கில்தான் சிங்கப்பூரின் முதல் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது அம்மா. 1843-ஆம் ஆண்டில் அங்கே முதல் பந்தயம் நடந்தது. 1933-இல் திடல் புக்கிட் தீமாவுக்கு மாறியது. பிறகு கிராஞ்சிக்குப் போனது. 2024 அக்டோபர் 5 அன்று கிராஞ்சியில் கடைசிப் பந்தயமும் முடிந்துவிட்டது. குதிரைகள் போய்விட்டன. ஆனால் உன் அண்ணன் இன்னமும் குதிரைக் கணக்கில்தான் பேசுகிறான்” என்று மாமா சிரித்தார்.

அவர் சொன்னது குதிரைத்திறனைப் பற்றி. நீராவி எஞ்சினை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட், தம் எஞ்சின் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்பதை மக்களுக்கு விளக்க அந்த அலகைப் பயன்படுத்தினார். ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ 746 வாட்டுக்குச் சமம்.

அண்ணன் அதையே வாய்ப்பாகப் பிடித்துக்கொண்டார். “மாமா, என் காரின் திறன் 120 குதிரைத்திறன். அதை 170 ஆக்கலாம் என்று நினைக்கிறேன். நைட்ரஸ் பூட்டினால் முடியுமாமே?”

மாமா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. “முடியும். எப்படி முடிகிறது என்று உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். அண்ணன் விழித்தார்.

மாமா விளக்கத் தொடங்கினார்.

“பெட்ரோல் தானாக எரியாது. எரிய ஆக்சிஜன் வேண்டும். எஞ்சின் சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. பிஸ்டன் மேலே ஏறி அவற்றை அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கிறது. எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் மறுபடியும் ஏறிப் புகையை வெளியேற்றுகிறது. இந்த நான்கு வேலையும் ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். வெறும் பெட்ரோலை மட்டும் கூட்டினால் சக்தி கூடாது, கரும்புகைதான் வரும். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். அதனால், கூடுதல் சக்தி வேண்டும் என்றால் கூடுதல் ஆக்சிஜனை எப்படி உள்ளே அனுப்புவது என்பதுதான் கேள்வி.”

“அதற்குத்தான் நைட்ரஸ்!” என்றார் அண்ணன்.

“ஆமாம். நைட்ரஸ் ஆக்சைடில் இரண்டு பங்கு நைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் இருக்கின்றன. அதுவும் எரியாது. ஆனால், எஞ்சினுக்குள் ஏறத்தாழ 300 டிகிரி வெப்பத்தைத் தாண்டும்போது அது பிரிந்து ஆக்சிஜனை விடுவிக்கிறது. அப்படிப் பிரிந்த வாயுவில் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன். இன்னொரு நன்மையும் உண்டு. கலனில் திரவமாக இருக்கும் அது, வெளியே வந்ததும் ஆவியாகிக் கடுங்குளிர் கொடுக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதனால் சிலிண்டருக்குள் இன்னும் கொஞ்சம் காற்று கூடுதலாகப் புகும்.”

அந்த வாயுவின் வரலாற்றையும் மாமா சொன்னார். 1772-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி அதைக் கண்டறிந்தார். பின்னர் ஹம்ஃப்ரி டேவி அதைத் தாமே முகர்ந்து ஆராய்ந்தார். முகர்ந்தவர்கள் காரணமின்றிச் சிரித்ததால் அதற்குச் ‘சிரிப்பூட்டும் வாயு’ என்ற பெயர் ஏற்பட்டது. 1844-இல் ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், அதை முகர்ந்துவிட்டுத் தம் பல்லையே பிடுங்கச் செய்து, அது வலியைக் குறைப்பதைக் கண்டார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள், காற்று மெலிந்திருக்கும் உயரங்களில் பறக்கும் போர் விமானங்களின் எஞ்சினுக்கு அதைச் செலுத்தினார்கள். போருக்குப் பிறகு அது பந்தயக் கார்களுக்கு வந்தது.

“இன்றும் மருத்துவமனைகளில் பிரசவ வலியைத் தணிக்க, ஆக்சிஜனுடன் சரிபாதியாகக் கலந்து அதைக் கொடுக்கிறார்கள். ஆனால் அது மருத்துவர்கள் அளந்து கொடுப்பது. காருக்கு விற்கும் வாயுவை யாரும் முகரக் கூடாது என்பதற்காகவே அதில் காரமான கந்தக டை ஆக்சைடைச் சிறிதளவு கலப்பார்கள்” என்றார் மாமா.

“அப்படியானால் அது அவ்வளவு ஆபத்தானது இல்லைதானே?” என்று அண்ணன் கேட்டார்.

“வாயுவை விடு. முதலில் கலனைப் பற்றிச் சொல்கிறேன். நம் ஊரின் 30 டிகிரி வெப்பத்தில் கலனுக்குள் இருக்கும் அழுத்தம், கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல 25 மடங்குக்கும் மேல். வெப்பம் கூடக் கூட அதுவும் ஏறும். 36.4 டிகிரியைத் தாண்டினால், எவ்வளவு அழுத்தினாலும் நைட்ரஸ் திரவமாக நிற்காது. அதன் பிறகு அழுத்தம் இன்னும் விரைவாக ஏறும். கலனில் ஒரு பாதுகாப்புத் தகடு இருக்கும். அழுத்தம் எல்லை மீறினால் அது கிழிந்து வாயுவை வெளியேற்றும். அந்தத் தகடு பழுதாகியிருந்தாலோ, கலனில் அளவுக்கு மேல் நிரப்பியிருந்தாலோ கலனே வெடிக்கலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும் என்பதை நினைத்துப் பார்.”

அண்ணனின் கை இலையிலேயே நின்றது.

“மாமா…” என்றார் மெதுவாக. “நண்பரின் நண்பர் ஒருவரிடமிருந்து கலனைப் போன வாரமே வாங்கிவிட்டேன். அது இப்போது என் காரின் பின்பெட்டியில் இருக்கிறது.”

“கார் எங்கே?”

“பின்னால், திறந்தவெளி நிறுத்துமிடத்தில்.”

மாமா ஒன்றும் பேசாமல் எழுந்து கை கழுவினார். நாங்களும் அவர் பின்னால் ஓடினோம்.

கார் நல்ல வெயிலில் நின்றது. பக்கத்தில் ஒருவர் சிகரெட்டைப் பற்ற வைக்கப் போனார். மாமா அவரிடம் பணிவாகச் சொல்லித் தள்ளிப் போகச் செய்தார். “நீ அங்கேயே நில் அம்மா, கிட்டே வராதே” என்று என்னைத் தடுத்தார். அண்ணனை விட்டுக் கதவுகளையும் பின்பெட்டியையும் திறக்கச் சொன்னார். சற்று நேரம் காற்றாட விட்ட பிறகே குனிந்து பார்த்தார். கலன் கட்டப்படாமல், ஒரு பழைய துண்டின்மேல் உருளும் நிலையில் கிடந்தது. அதன் அழுத்தமானியின் முள் இயல்பான அளவைத் தாண்டி நின்றது.

“வால்வைத் தொடாதே. எஞ்சினையும் முடுக்காதே” என்றார் மாமா. இருவரும் காரைக் கையால் தள்ளி, இரண்டு இடம் தள்ளியிருந்த மரநிழலுக்குக் கொண்டுவந்தார்கள். கலன் உருளாமல் இருக்க மாமா இருபுறமும் அண்டை கொடுத்தார். பிறகு, வாயுக் கலன்களைக் கையாளும் நிறுவனத்தில் வேலை செய்யும் தமக்குத் தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். ஒரு மணி நேரத்தில் வருவதாக அவர் சொன்னார்.

நாங்கள் சற்றுத் தள்ளி ஒரு சுவரோரம் அமர்ந்தோம். அண்ணனின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

“வெடிக்காவிட்டாலும் வேறோர் ஆபத்து இருந்தது தம்பி. நீ ஓட்டிக்கொண்டிருக்கும்போது தகடு கிழிந்திருந்தால், மூடிய காருக்குள் வாயு நிறைந்து காற்றை வெளியே தள்ளிவிடும். மூச்சுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. உனக்கு என்ன நடக்கிறது என்று தெரிவதற்குள் மயங்கிவிடுவாய். பந்தயக் கார்களில் கலனை இரும்புப் பட்டையால் இறுகப் பிணைப்பார்கள். தகடு கிழிந்தால் வாயு வெளியே போவதற்கென்று ஒரு குழாயையும் காருக்கு வெளியே நீட்டியிருப்பார்கள்.”

“அப்படியெல்லாம் செய்துவிட்டால் பாதுகாப்புதானே மாமா?” என்று நான் கேட்டேன்.

“அது கலனுக்கான பாதுகாப்பு மட்டும்தான். எஞ்சினுக்கு வேறு கணக்கு. ஆக்சிஜன் கூடும்போது அதே நொடியில் பெட்ரோலும் அதற்கேற்ற அளவில் கூட வேண்டும். பெட்ரோல் குறைந்தால் வெப்பம் எல்லை மீறும். தீப்பொறி வருவதற்கு முன்பே ஆங்காங்கே தானாகத் தீப்பற்றும். சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை கேட்கும். அலுமினியப் பிஸ்டன் அந்த அடியைத் தாங்காது. அதனால் பந்தயக்காரர்கள் பெட்ரோலுக்குத் தனிக் குழாய் வைப்பார்கள். தீப்பொறி சற்றுத் தாமதமாக வரும்படி மாற்றுவார்கள். 98 ஆக்டேனோ அதற்கும் மேலோ உள்ள பெட்ரோலை ஊற்றுவார்கள். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து, எஞ்சின் போதிய வேகத்தில் சுழலும்போது மட்டுமே வாயு வரும்படி சுவிட்ச் வைப்பார்கள். எஞ்சின் ஓடாதபோது வாயு உள்ளே புகுந்து தேங்கினால், முடுக்கியதும் வெடிக்கும். முதலில் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, எஞ்சினின் திறனை அளக்கும் கருவியில் வைத்துச் சோதிப்பார்கள். இத்தனையும் செய்தவர்களின் எஞ்சினும் சில நேரம் உடைந்திருக்கிறது.”

“எஞ்சினை நான் சரிசெய்துகொள்வேன்” என்றார் அண்ணன். அவர் குரலில் இப்போது பழைய உறுதி இல்லை.

“சரி, எஞ்சின் தாங்கியது என்று வைத்துக்கொள். பிரேக் யாருடையது? 120 குதிரைத்திறன் காருக்குச் செய்த அதே பிரேக்தானே? வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு கார் நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். இது இயற்பியல். நீ நல்ல ஓட்டுநர் என்பதற்காக அது குறையாது. நம் விரைவுச்சாலைகளில் ஆக அதிக வேக வரம்பே மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த 50 குதிரைத்திறனை நீ எங்கே கொண்டுபோய்ச் செலவழிக்கப் போகிறாய்?”

அண்ணன் பதில் சொல்லவில்லை. மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“2021 பிப்ரவரி 13 அதிகாலை. சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். தஞ்சோங் பகார் சாலையில் வேகமாக ஓட்டிய ஒரு கார் கடைவீட்டில் மோதித் தீப்பற்றியது. உள்ளே இருந்த ஐந்து இளைஞர்களும் இறந்துபோனார்கள். ஒருவருக்குக்கூட முப்பது வயதாகவில்லை. அங்கே நைட்ரஸ் காரணமில்லை. வேகமும் மதுவும்தான் காரணம். அன்றைக்குப் பட்டறையில் யாருமே வேலை செய்யும் மனநிலையில் இல்லை. அந்த வயதுப் பையன்கள்தான் எங்களிடம் வந்து, காரை இன்னும் வேகமாக்கித் தாருங்கள் என்று கேட்கிறார்கள்.”

சொன்னபடி ஒரு மணி நேரத்தில் அந்த நிறுவனத்தின் சரக்கு வண்டி வந்தது. நிழலில் இருந்ததால் அழுத்தமானியின் முள் இப்போது நன்றாக இறங்கியிருந்தது. வந்தவர் கையுறை அணிந்து கலனைச் சோதித்தார். நிமிர்த்தி, வண்டியில் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார். “இதைப் பல வருடமாக யாரும் சோதிக்கவே இல்லை” என்று மட்டும் சொன்னார். அண்ணன் அவரிடம் இரண்டு முறை நன்றி சொன்னார்.

பிறகு நாங்கள் மூவரும் ஹேம்ப்ஷியர் சாலை வழியாக நடந்தோம். அங்கே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது.

“இது முன்பு என்ன இடம் தெரியுமா?” என்று மாமா கேட்டார். “பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. நானும் உங்கள் அம்மாவும் இங்கேதான் பிறந்தோம். 1966-ஆம் ஆண்டில் மட்டும் இங்கே ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தன. இப்போது இங்கே சாலை விதிகளை வகுக்கிறார்கள். நம் சாலையில் ஓடும் காரில் நைட்ரஸ் கருவியைப் பூட்ட அனுமதி இல்லை. அனுமதியின்றிக் காரை மாற்றினால் அபராதமோ சிறையோ கிடைக்கலாம். அதைப் பூட்டித் தரும் பட்டறையும் தப்பாது. விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனமும் கையை விரித்துவிடலாம்.”

“அப்படியானால் வேகத்தை விரும்புபவர்கள் என்ன செய்வது?” என்று அண்ணன் கேட்டார். இம்முறை அவர் வாதிடவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார்.

“வேகத்துக்கென்று இடம் இருக்கிறது. 1961 முதல் 1973 வரை சிங்கப்பூரின் கார் பந்தயம் தாம்சன் சாலைப் பகுதியில் நடந்தது. சுற்றுப்பாதையின் நீளம் ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர். அது மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் சாலை. ஒரு புறம் மரம், மறுபுறம் சாக்கடை. உயிரிழப்புகள் நேர்ந்தன. பந்தயம் நின்றது. 2008-இல் ஃபார்முலா ஒன் பந்தயம் மரினா பேயில் தொடங்கியது. ஃபார்முலா ஒன் வரலாற்றிலேயே முதல் இரவுப் பந்தயம் அது. அங்கும் நகரச் சாலையில்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் பந்தய நாள்களில் சாலையை மூடுகிறார்கள். இருபுறமும் தடுப்புச்சுவர், வலை, தீயணைப்பாளர், மருத்துவர் எல்லாம் தயாராக இருக்கும். ஓட்டுபவர் தலைக்கவசமும் தீப்பிடிக்காத உடையும் அணிந்திருப்பார். மலேசியாவில் சிப்பாங் பந்தயத்திடல் இருக்கிறது. முறையாகப் பதிவு செய்து, பயிற்சி பெற்று அங்கே ஓட்டலாம். தெருவில் ஓட்டும்போது எதிரே சைக்கிளில் வருபவரும், சாலையைக் கடக்கும் பாட்டியும் அந்தப் பந்தயத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை.”

அன்று மாலை மாமா எங்களைத் தம் பட்டறைக்கு அழைத்துச் சென்றார். மேசைமேல் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு பழைய பிஸ்டனை வைத்திருந்தார். அதன் மேற்பகுதி மெழுகுபோல் உருகி, நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

“இதுவும் நைட்ரஸ் வேலைதான். பெட்ரோல் குழாயில் ஒரு சின்ன அடைப்பு. சில நொடிகளில் இப்படி ஆகிவிட்டது” என்று அதை அண்ணனிடம் கொடுத்தார்.

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டையின் விளிம்பை விரலால் தடவினார். வெகுநேரம் கழித்து, “மாமா, சனிக்கிழமைகளில் நான் இங்கே வந்து கற்றுக்கொள்ளலாமா? என் காரின் பிரேக்கைக்கூட நான் இதுவரை கழற்றிப் பார்த்ததில்லை” என்றார்.

“அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வா. அங்கிருந்தே தொடங்கலாம்” என்றார் மாமா.

அருஞ்சொற்பொருள்

குதிரைத்திறன் – எஞ்சினின் சக்தியை அளக்கும் அலகு
கலன் – வாயு அல்லது திரவத்தை அடைத்து வைக்கும் கொள்கலம்
அழுத்தமானி – அழுத்தத்தை அளந்து காட்டும் கருவி
அண்டை கொடுத்தல் – அசையாமல் இருக்கப் பக்கத்தில் தடுப்பு வைத்தல்
கையை விரித்தல் – உதவ முடியாது என்று மறுத்தல்

சிந்தித்து விடையளிக்க

1. நைட்ரஸ் ஆக்சைடு எஞ்சினின் சக்தியை எவ்வாறு கூட்டுகிறது? இரண்டு காரணங்களை எழுதுக.
2. கலன் காரில் இருப்பதை அறிந்ததும் மாமா செய்த செயல்களை வரிசைப்படுத்துக. ஒவ்வொன்றையும் அவர் ஏன் செய்தார்?
3. தாம்சன் சாலைப் பந்தயத்துக்கும் மரினா பே பந்தயத்துக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
4. “பிரேக் யாருடையது?” என்று மாமா கேட்டதன் பொருளை உங்கள் சொந்த நடையில் விளக்குக.
5. அண்ணனின் மனத்தை மாற்றியது விதியா, விளக்கமா, நேரில் கண்ட காட்சியா? உங்கள் கருத்தைக் குழுவில் கலந்துரையாடுக.